ஆணியிலிருந்து எடுத்துப்போன ரொட்டி

அனுப்புநர்:
சனவ்பர் கோதிரோவா,
ரொட்டிக் கடை, சந்தை வாசல்,
சார்போக்.

பெறுநர்:
மாவட்ட எல்லைக் கடப்பு அலுவலகத் தலைவர் அவர்கள்,
சார்போக்.

பொருள்: பலமுறை நுழைவு சுற்றுலா விசாவில் வந்த என் அக்கா ஷஹ்லோ அவர்களைப் பழைய பாலம் சாவடியில் திருப்பி அனுப்பியது – வரும் ஞாயிற்றுக்கிழமைத் திருமணத்துக்கு முன் அவரை உள்ளே அனுமதிக்க வேண்டுதல் – என் வீட்டுச் சுவரிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட ரொட்டியைத் திருப்பித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்கும் தங்கள் வீட்டாருக்கும் நலம் உண்டாகட்டும். இந்த இடத்தில் பெரியவர்கள், குழந்தைகள், ஆடு மாடு வரை நலம் விசாரித்து எழுதுவதுதான் நம் ஊர் வழக்கம். இப்போது எனக்கு அந்தப் பொறுமை இல்லை. மன்னிக்கவும்.

1. நான் தங்களுக்குத் தெரியாதவள் அல்ல. சாவடிக் காவலர்களின் காலைத் தேநீருக்குப் போகும் ரொட்டி என் அடுப்பில் சுட்டது. சென்ற நவ்ரூஸ் பண்டிகையன்று தாங்கள் என் கடைக்கு வந்து, சூடான ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டு, "இந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்மா" என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். எனக்குக் காப்பு வேண்டாம். இந்த மனுவைக் கடைசி வரி வரை படித்தால் போதும்.

2. எனக்குக் குழந்தை பிறக்காது என்று மருத்துவர்கள் கைவிரித்தபோது, என் அக்கா ஷஹ்லோ தன் இரண்டாவது மகளை, நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த கையோடு கொண்டுவந்து என் மடியில் கிடத்தினார். இது நம் பக்கத்தில் நடக்கிற காரியம்தான், ஒளித்துவைக்க இதில் ஒன்றுமில்லை. அந்தக் குழந்தைதான் நிகோரா. அவளுக்கு விவரம் தெரிந்த நாள் முதல் இது தெரியும். என்னை அம்மா என்றும், அக்காவைப் பெரியம்மா என்றும் கூப்பிடுவாள். என் மேல் கோபம் வந்தால் மட்டும் இரண்டையும் மாற்றிக் கூப்பிடுவாள்.

பிறகு அக்கா தன் கணவருடன் கனடா போனார். அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிக்கொண்டார். இங்கே பிறப்புப் பதிவில் நிகோராவின் தாய் என்று என் பெயர்தான் இருக்கிறது. ஆகவே, மகளின் திருமணத்துக்குப் போக வேண்டும் என்று அக்கா விசா கேட்டபோது, 'உங்களுக்கு அங்கே மகள் யாரும் இல்லையே' என்று பதில் வந்தது. கடைசியில் கொடுத்தது சுற்றுலா விசா. ஓராண்டு செல்லும், ஒரு தடவை வந்தால் முப்பது நாள் தங்கலாம், பலமுறை நுழையலாம் என்று அதில் தெளிவாக அச்சிட்டிருக்கிறது. பெற்ற மகளின் திருமணத்துக்குச் சுற்றுலாப் பயணியாக வருவதில் அக்காவுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வர முடிந்ததே என்றுதான் சந்தோஷப்பட்டார்.

3. திருமணம் முதலில் இம்மாதத் தொடக்கத்தில் நடப்பதாக இருந்தது. மாப்பிள்ளை ரஷ்யாவில் கட்டட வேலை செய்கிறார். அவருடைய விடுப்பு தள்ளிப்போனதால் திருமணமும் தள்ளிப்போனது. அக்காவின் முப்பது நாள் தள்ளிப்போகவில்லை. என்ன செய்வது என்று நாங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் மெஹ்ரோஜ் வழி சொன்னான்.

மெஹ்ரோஜ் என் கணவரின் அண்ணன் மகன். பழைய பாலம் சாவடியில் தங்களிடம் வேலை பார்க்கும் அதே மெஹ்ரோஜ்தான். மலைக் கிராமத்திலிருந்து படிக்க வந்தவன், பள்ளி முடியும் வரை என் வீட்டில்தான் வளர்ந்தான். என் கணவர் இறந்தபோது சவப்பெட்டியின் முன்கால் பிடித்தவனும் அவன்தான். நிகோராவுக்கு உடன்பிறந்த அண்ணன் என்று ஒருவன் இருந்தால் அது அவன்தான் என்று ஊரே சொல்லும். அவன் என் வீட்டில் உட்கார்ந்து சொன்ன சொற்களை மாற்றாமல் எழுதுகிறேன்:

"எதுக்கு சித்தி மண்டைய உடைச்சிக்கிறீங்க? பெரியம்மாவோடது பல தடவை வந்துபோற விசா. கடைசி நாள் காலைல பாலம் தாண்டி பக்கத்து நாட்டுக்குப் போய், அக்கரை டீக்கடையில ஒரு கிண்ணம் டீ குடிக்கட்டும். சாயங்காலம் என் டூட்டி. நானே முத்திரை போட்டு உள்ள விடுறேன். புதுசா முப்பது நாள் ஆரம்பிச்சிடும். கல்யாணத்துல ஆடிட்டே நிக்கலாம்."

அக்கா பயந்த சுபாவம். "தப்பு ஒண்ணும் இல்லையே கண்ணு?" என்று இரண்டு முறை கேட்டார்.

"விசாவுலயே எழுதியிருக்கு பெரியம்மா. இதுல தப்பு எங்க வந்துச்சு?" என்றான்.

ஐயா, இது கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கூடாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவனே எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுத்தான். நாங்கள் நம்பினோம். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

4. சென்ற புதன்கிழமை காலை அக்கா புறப்பட்டார். கையில் ஒரு கைப்பை, காலில் வீட்டுச் செருப்பு. பாலத்துக்குப் போய்விட்டு வருவதற்கு யார் ஷூ மாட்டுவார்கள்? அன்று மெஹ்ரோஜுக்கு மாலையில்தான் வேலை, என் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

தொலைதூரம் போகிறவர் ரொட்டியை ஒரு வாய் கடித்துவிட்டுப் போவதும், மிச்சத்தை நாம் சுவரில் தொங்கவிடுவதும், திரும்பி வந்து அவரே அதைத் தின்று முடிப்பதும் தங்கள் வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மாலையில் திரும்பப் போகிறவருக்கு அது தேவையில்லை. எனக்கு அந்த எண்ணமே வரவில்லை. எழுந்தவன் மெஹ்ரோஜ். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டிகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, அக்காவின் வாயருகே கொண்டுபோனான்.

"பாலம் தாண்டுறதும் பயணம்தானே சித்தி. கடிக்க வைப்போம். இல்லாட்டி பெரியம்மா அப்படியே கனடா பக்கம் ஓடிடுவாங்க."

அக்கா சிரித்துக்கொண்டே கடித்தார். தலைத்துணியெல்லாம் எள் கொட்டியது. மிச்சத்தை நூலில் கோத்து, நாற்காலி போட்டு ஏறி, சுவரில் இருந்த ஆணியில் தன் கையாலேயே மாட்டியவனும் மெஹ்ரோஜ்தான். இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்பது அடுத்த பத்தியில் தங்களுக்குப் புரியும்.

5. மாலையில் அக்காவைக் கூட்டிவர நான் பாலத்துக்குப் போனேன். தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். முத்திரை குத்தும் ஜன்னல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. பேசியது எல்லாமே காதில் விழுந்தது. ஜன்னலில் மெஹ்ரோஜ் இருந்தான். அவனுக்குப் பின்னால், தலைநகரிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கேள்வி கேட்டவர் ஆய்வாளர். "என்ன காரியமா வர்றீங்க?"

"சுற்றுலாங்க" என்றார் அக்கா. மெஹ்ரோஜ் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தான்.

"காலைல போயிட்டு சாயங்காலம் திரும்பி வர்றீங்க. ஒரு மாசமா இங்கதான் இருந்திருக்கீங்க. அப்படி என்ன சுத்திப் பாத்தீங்க?"

என் அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. "சந்தை பாத்தேன். துணிக்கடை பாத்தேன். எங்க அப்பா கபர் பாத்தேன்" என்றார்.

ஆய்வாளர் மெஹ்ரோஜ் பக்கம் திரும்பினார். "இவங்கள உனக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வி வந்ததும் எனக்கு மூச்சு வந்தது. நம் பையன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் எழுந்து விறைப்பாக நின்றான்.

"தெரியும் ஐயா. இவங்க சுற்றுலா வந்தவங்க இல்ல. இங்கயே தங்குறவங்க. கணக்குக்காகப் பாலம் தாண்டிட்டு வர்றாங்க. இவங்க கடிச்ச ரொட்டி சார்போக்ல ஒரு வீட்டுச் சுவத்துல தொங்குது. நானே பாத்தேன்."

ஒரு வீடு என்றான். ஐயா, அவன் ஆறு ஆண்டுகள் படுத்துறங்கிய வீடு, காய்ச்சலில் கிடந்தபோது நான் விடிய விடிய விழித்திருந்த வீடு, அவனுக்கு 'ஒரு வீடு' ஆகிவிட்டது. நானே பார்த்தேன் என்றான். நானே மாட்டினேன் என்று சொல்லவில்லை. பாலம் தாண்டச் சொன்னது யார் என்றும் சொல்லவில்லை.

சுற்றுலா என்று சொல்லிக்கொண்டு குடியிருப்பவர் என முடிவு செய்து, அக்காவின் பாஸ்போர்ட்டில் மறுப்பு முத்திரை குத்தினார்கள். ஆறு மாதத்துக்கு இந்த நாட்டுக்குள் வரக் கூடாது என்றார்கள். அக்கா அழவில்லை. ஜன்னல் பக்கம் குனிந்து மெஹ்ரோஜிடம் சொன்னார்: "நான் ஓடிடுவேன்னு சொன்னியே கண்ணு. நீயே தள்ளிவிட்டுட்டியே." அவன் தலை நிமிரவில்லை. அக்கா பாலத்தில் திரும்பி நடந்தார். வீட்டுச் செருப்பு பலகையில் இழுபடும் சத்தம் வெகுதூரம் கேட்டது.

6. மறுநாள் தங்கள் அலுவலகத்திலிருந்து இருவர் என் வீட்டுக்கு வந்தார்கள். சாட்சியமாக ரொட்டி வேண்டும் என்றார்கள். சுவரில் அப்போது இரண்டு ரொட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. இரண்டில் எது அந்தக் கனடாப் பெண்மணியுடையது என்று கேட்டார்கள். காட்டினேன். எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, சீட்டு ஒட்டி, ஜீப் இருக்கையில் வைத்தார்கள். குப்புற வைத்தார்கள், ஐயா. ரொட்டியைக் குப்புற வைக்கக் கூடாது என்பது நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். நான் ஓடிப்போய்த் திருப்பி வைக்கப் போனேன். சாட்சியத்தில் கை வைக்கக் கூடாது என்று ஒருவர் என் கையைத் தட்டிவிட்டார். என் கையால் பிசைந்து, என் அடுப்பில் சுட்டு, என் அச்சு குத்திய ரொட்டி அது.

7. சட்டம் படித்தவள் இல்லை நான். ஆனாலும் சிலவற்றைக் கேட்க விரும்புகிறேன். 'பலமுறை நுழைவு' என்று அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டாவது முறை வந்தவரை வாசலில் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்? போய்விட்டு உடனே திரும்பக் கூடாது என்று ஒரு விதி இருக்கலாம். இருந்தால் அதைச் சாவடிச் சுவரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைத்திருக்க வேண்டாமா? காலையில் வெளியேறும் முத்திரை குத்திய காவலர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அக்கா அங்கேயே திரும்பி, நேரே தங்கள் அலுவலகத்துக்கு வந்து கூடுதல் நாள் கேட்டு மனு கொடுத்திருப்பார். ஒரு நாள்கூட அதிகமாகத் தங்கிவிடக் கூடாதே என்று பயந்து வெளியே போனவர்தான் இன்று வெளியே நிற்கிறார்.

ரொட்டி விஷயத்துக்கு வருகிறேன். ரொட்டியைக் கடித்துத் தொங்கவிட்டால் அந்த ஊரில் குடியிருப்பதாக அர்த்தம் என்றால், ஹுஜந்த் நகரில் விருந்தினர் விடுதி நடத்துகிறவர்கள் எல்லோரையும் பிடிக்க வேண்டியிருக்கும். புறப்படும் ஜெர்மன்காரர்களையும் ஜப்பான்காரர்களையும் ரொட்டியைக் கடிக்க வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். அத்தனை பேரும் நம் நாட்டில் குடியேறிவிட்டார்களா? திரும்பி வர வேண்டும் என்ற ஆசைக்குத்தான் நாம் ரொட்டி தொங்கவிடுகிறோம். அந்த ஆசையைக் குற்றம் என்று தங்கள் அலுவலகம் எழுதி வைத்திருக்கிறது.

8. அக்கா இப்போது அக்கரைத் தேநீர்க் கடையின் மாடி அறையில் தங்கியிருக்கிறார். மாற்றுத் துணியும் இரத்த அழுத்த மாத்திரையும் லாரிக்காரர் ஒருவர் வழியாகக் கொடுத்தனுப்பினேன். திருமணத்துக்கென்று தைத்த பட்டு அங்கியை அனுப்பவில்லை. அனுப்பினால் அவர் வரமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்டது போலாகிவிடும். அது என் அலமாரியில் தொங்குகிறது.

மணமகள் வீட்டைவிட்டுப் புறப்படும்போது, அவள் தலைக்கு மேலே பூவேலைத் துணியின் நான்கு முனைகளை நான்கு பெண்கள் பிடித்து வருவார்கள். ஒரு முனை எனக்கு, ஒரு முனை அக்காவுக்கு என்று என்றோ முடிவானது. அந்த முனையைத் தன் நாத்தனார் பிடிப்பார் என்று மாப்பிள்ளையின் தாயார் நல்ல மனதோடுதான் சொன்னார். நிகோரா ஒத்துக்கொள்ளவில்லை. "அத யாரும் புடிக்க வேணாம். தொங்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். திருமணத்தை மறுபடி தள்ளிவைக்கவும் வழியில்லை. மாப்பிள்ளை அடுத்த வாரம் வேலைக்குத் திரும்பாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

9. மெஹ்ரோஜ் அன்றிலிருந்து வீட்டுப் பக்கம் வரவில்லை. தொலைபேசியில் ஒரு தடவை பேசினான். "சித்தி, கொஞ்சம் சூடு ஆறட்டும். பின்னாடி பெரிய அதிகாரி உக்காந்திருந்தாரு. சொந்தக்காரங்கள விடுறேன்னு எழுதிட்டா என் வேலை போயிடும். என் நிலைமையையும் புரிஞ்சுக்கோங்க."

அவன் நிலைமை எனக்கு நன்றாகவே புரிகிறது. புரிந்துவிட்டதால் வயிற்றெரிச்சல் குறையவில்லை. 'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'என் பெரியம்மா' என்று சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டாவது நின்றிருக்கலாம். இவை எதையும் செய்யாமல், என் வீட்டுச் சமையலறையில் சிரித்துக்கொண்டே பார்த்த ஒன்றை எடுத்துப்போய் அங்கே சாட்சி சொன்னான். அவனைப் பாராட்டிச் சாவடியில் அறிவிப்பு ஒட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

அந்த ஆய்வாளர் செவ்வாய்க்கிழமையே சாவடிக்கு வந்துவிட்டார் என்று ரொட்டி வாங்க வந்த காவலர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அப்படியானால் புதன்கிழமை காலை ரொட்டியை அக்காவின் வாயருகே பிடித்தபோது மெஹ்ரோஜுக்கு அது தெரியுமா? இதை நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டு, அவன் தெரியும் என்று சொல்லிவிட்டால் அதன் பிறகு அவனை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

10. ஆகவே நான் தங்களிடம் வேண்டுவது:

அக்காவின் விசா இன்னும் செல்லும். மறுப்பு முத்திரையை நீக்கும் அதிகாரம் தங்களுக்கு உண்டு என்று சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவரை உள்ளே விட வேண்டும். முப்பது நாள் கேட்கவில்லை. திருமண நாள் ஒன்று போதும். காவலுக்கு ஆள் போட்டாலும் சரி, அவருக்கும் சேர்த்துக் கல்யாணத்து ஓஷ் சோறு சமைக்கிறேன்.

ரொட்டியைத் திருப்பித் தர வேண்டும். அதுவரை அது குப்புறக் கிடக்கிறதா என்று யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கு முடிந்தது என்று குப்பையில் போட்டுவிடவும் வேண்டாம், இரக்கப்பட்டு அக்கரைக்கு அக்காவிடம் கொடுத்தனுப்பிவிடவும் வேண்டாம். கடித்தவர் திரும்பி வந்து என் வீட்டில்தான் அதைத் தின்ன வேண்டும். வேறு இடத்தில் தின்றால் அவர் திரும்பி வருவது இல்லை என்று ஆகிவிடும்.

மெஹ்ரோஜை வேலையைவிட்டு நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவன் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் சுவரில் இரண்டு ரொட்டிகள் தொங்கின என்று எழுதினேன். அக்காவுடையது எது என்று தங்கள் ஆட்கள் கேட்டார்கள். மற்றது யாருடையது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது மெஹ்ரோஜுடையது. எல்லைக் காவல் பயிற்சிக்குத் தலைநகர் புறப்பட்ட காலையில் அவன் கடித்தது. பயிற்சி முடிந்து நேரே சாவடி வேலைக்குப் போய்விட்டான். வீட்டுக்கு வரும்போதெல்லாம், "லீவு போட்டுட்டு வந்து நிதானமா உக்காந்து திங்கிறேன் சித்தி" என்பான். அந்த லீவு இன்னும் வரவில்லை. ஆய்வாளரின் கணக்குப்படி பார்த்தால் அவனும் இந்த வீட்டில் குடியிருப்பவன்தான். அதை நான் மறுக்கவும் இல்லை.

இந்த ஐந்து நாளில் இரண்டு தடவை நாற்காலி போட்டு ஏறிவிட்டேன். ஆணி வரை போன கை ரொட்டியைத் தொடவில்லை. அதை இறக்க வேண்டியவன் அவன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பாலத்திலிருந்து என் வீட்டுக்குக் கூட்டிவரும் வேலையை மெஹ்ரோஜுக்கே கொடுங்கள். இருவரும் என் வீட்டுப் பாயில் எதிரெதிரே உட்கார்ந்து அவரவர் ரொட்டியைத் தின்று முடிக்கட்டும். அக்காவின் ரொட்டி சீக்கிரம் முடிந்துவிடும். அவனுடையது காய்ந்து கட்டை ஆகிவிட்டது, தேநீரில் நனைத்தாலும் மெல்ல வெகுநேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் அவன் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவனுக்கு நான் கேட்கும் தண்டனை அவ்வளவுதான்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து, அக்காவின் அங்கியை மடிக்காமல் தொங்கவிட்டிருக்கும்,

சனவ்பர் கோதிரோவா
(கையொப்பம்)

நாள்: 18 செப்டம்பர் 2017
இடம்: சார்போக்

இணைப்பு:
அக்காவின் விசாப் பக்கத்தின் நகல்.
நிகோராவின் திருமண அழைப்பிதழ், தங்கள் குடும்பத்தார் பெயருக்கு எழுதியது.